மூன்றாவது சென்சார் வாங்குவதற்கு முன்

"அண்ணே, மூணாவது சென்சாரையும் ஆர்டர் போட்டுடவா?"

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பல்லாவரத்தில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய கையோடு நண்பர் கேட்டது இது. அவரிடம் தாழ்ந்த இறக்கை வைத்த இரண்டு இருக்கை விமானம் ஒன்று இருக்கிறது. ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் இன்ஜின், 100 குதிரைத் திறன், இரண்டு கார்புரேட்டர். விமானம் நிற்பது சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு கொட்டகையில், அவர் இருப்பது வேளச்சேரியில். அதனால் எவ்வளவு சின்னக் கோளாறாக இருந்தாலும் ஒரு நாள் போய்விடும்.

கோளாறு இதுதான். திரையில் ஃப்யூல் பிரஷர், அதாவது அந்த சென்சார் அளந்து சொல்லும் பெட்ரோல் அழுத்தம், 4 பிஎஸ்ஐ என்று அமைதியாக நிற்கும். திடீரென்று 1.8க்கு விழும், சிவப்பு எரியும், ஹெட்செட்டில் எச்சரிக்கை கத்தும். அவர் பம்ப் சுவிட்சில் கை வைப்பதற்குள் மறுபடி 4. இன்ஜின் ஒரு தடவைகூட இருமியதில்லை. முதல் சென்சாரை மாற்றினார், கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தது, பிறகு அதே கூத்து. இரண்டாவது சென்சார் முதலாவதைவிடச் சீக்கிரம் ஆரம்பித்துவிட்டது.

நான் பல வருடம் ஹேங்கரில் ஸ்பானர் பிடித்தவன். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. சென்சாரை மாற்றுவதா, ஒயரைப் பார்ப்பதா, இடத்தை மாற்றுவதா, வேறு வகைக்குப் போவதா, இல்லை எச்சரிக்கையை அணைத்துவிட்டுப் பறப்பதா என்று எல்லாரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கிறார்கள். கடைசி வழியை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். பொய்யாகவே கத்தினாலும் அந்த எச்சரிக்கையை அணைக்கக் கூடாது. ஒருநாள் அது உண்மையாகக் கத்தும்போது கேட்க ஆள் இருக்காது.

எதை வாங்குவது என்பதற்கு முன் தெரிய வேண்டியது, பொய் சொல்வது யார் என்பது. சென்சாரா, ஒயரா, இல்லை உண்மையிலேயே அழுத்தம் விழுகிறதா? இன்ஜின் இருமவில்லை என்பதை மட்டும் வைத்து சென்சார்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. கார்புரேட்டரின் மிதவைத் தொட்டியில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் இருக்கும். ஒரு நொடி அழுத்தம் விழுந்து எழுந்தால் இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது.

அதுவும் சென்னை வெயிலில் உண்மையான வீழ்ச்சிக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இறங்கி, இன்ஜினை அணைத்து, டீ குடித்துவிட்டு இருபது நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்கிறீர்கள். அதற்குள் கவுலிங்குக்குள், அதாவது இன்ஜின் மூடிக்குள், வெந்துபோன பைப்பில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டியிருக்கும். ரோட்டாக்ஸில் இதற்காகத்தான் தொட்டிக்குத் திரும்பும் ஒரு ரிட்டர்ன் பைப்பும், அதில் 0.35 மி.மீ. ஓட்டை வைத்த ஒரு ஜெட்டும் உண்டு. குமிழி அந்த வழியாக வெளியேறிவிடும். ஜெட் அடைத்திருந்தாலோ, யாராவது புண்ணியவான் ரிட்டர்ன் பைப்பையே கழற்றி மூடியிருந்தாலோ, திரையில் எண் ஆடத்தான் செய்யும். அப்போது சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

பெட்ரோலையும் கேட்டு வையுங்கள். 912 யூஎல்எஸ்-க்கு இன்ஜின் கம்பெனி அனுமதிப்பது 10 சதவீத எத்தனால் வரை. நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது ஊற்றுவது 20 சதவீதம் கலந்தது. விமானப் பெட்ரோலான ஆவ்கேஸ் 100 எல்எல்லை 2022 முதல் இந்தியன் ஆயில் நிறுவனமே இங்கே தயாரிக்கிறது. அதை ஊற்றினால் ஆவிப் பிரச்சினை குறையும், ஆனால் அதிலிருக்கும் ஈயத்தால் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். நண்பர் ஆவ்கேஸ்தான் ஊற்றுகிறார். ரிட்டர்ன் ஜெட்டையும் கழற்றிப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது.

எண் எப்போது ஆடுகிறது என்று குறித்து வைப்பதே பாதி வைத்தியம். சூடான மறு ஸ்டார்ட்டில் மட்டும் ஆடி, மின் பம்பைப் போட்டதும் அடங்கினால் ஆவியைச் சந்தேகப்படலாம். ரேடியோவில் பேசும்போதோ, லேண்டிங் லைட் போடும்போதோ ஆடினால் எர்த் அல்லது ஒயர். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் ஆடினால் அதிர்வு. மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்தால்தான் சென்சாரே தேய்கிறது என்று பொருள். இன்ஜினை அணைத்துவிட்டு மின் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒருவர் திரையைப் பார்க்க, இன்னொருவர் ஒயரை அங்கங்கே மெல்ல ஆட்டிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. தீயணைப்பான் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

எண் எந்தப் பக்கம் குதிக்கிறது என்பதும் ஒரு துப்பு. பழைய வகை சென்சார் என்பது உள்ளே ஒரு தகடு, அதோடு நகரும் ஒரு துடைப்பான், ஒரு மின்தடைச் சுருள், அவ்வளவுதான். சிலவற்றில் அழுத்தம் ஏற ஏற ஓம் 10லிருந்து 180க்கு ஏறும். சிலவற்றில் 240லிருந்து 33க்கு இறங்கும். காண்டாக்ட் விட்டுப்போனால் எந்த வகையிலும் ஓம் கூடும். ஆக, முதல் வகையில் எண் மேலே குதிக்கும், இரண்டாம் வகையில் கீழே விழும். நண்பருடையது இரண்டாம் வகை, 0 முதல் 30 பிஎஸ்ஐ வரை அளப்பது. விழுவது எண்தானே ஒழிய அழுத்தம் இல்லை என்று எனக்கு முதல் சந்தேகம் வந்தது இங்கேதான்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு டெஸ்ட் கேஜ் போதும். பெட்ரோல் லைனில் T வடிவ இணைப்பு ஒன்றை மாட்டி, சாதாரண முள் கேஜை வைத்து, வாலைக் கட்டிப்போட்டுத் தரையில் இன்ஜினை ஓட்டினோம். திரை 1.8 என்று கத்தியபோது முள் 4ஐ விட்டு அசையவில்லை. தரையில் ஓட்டிப் பார்த்து முடிந்ததும் கேஜைக் கழற்றிவிட வேண்டும், அதோடு பறக்கக் கூடாது.

சரி, அழுத்தம் அசையாமல் நிற்கிறது, திரை சொல்வதுதான் தப்பு. இனிமேல்தான் வழிகளை ஒப்பிட முடியும்.

அதே சென்சாரை மறுபடி வாங்குவது எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. அரை மணி நேர வேலை, திரையில் எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம். இறக்குமதி, சுங்கம், கூரியர் என்று இரண்டு மூன்று வாரம் போனாலும் கடைசியில் கையில் ஒரு பொருள் வந்து சேரும், மனசுக்கு ஆறுதல். ஆனால் அது ஏன் செத்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோட்டாக்ஸின் மெக்கானிக்கல் பம்பைத் தள்ளுவது புரொப்பெல்லர் தண்டில் இருக்கும் எக்சென்ட்ரிக், அதாவது மையம் விலகிய வட்டு. கியர் விகிதம் 2.43. இன்ஜின் 5,000 சுற்று ஓடினால் தண்டு சுமார் 2,060 சுற்று, அதாவது நொடிக்கு 34 தள்ளு. ஒவ்வொரு தள்ளும் சென்சாரின் தகட்டில் ஒரு தட்டு. 912 யூஎல்எஸ்-க்குக் குறைந்தபட்சம் 0.15 பார், அதாவது 2.2 பிஎஸ்ஐ. அதிகபட்சம் 0.4 பார், 5.8 பிஎஸ்ஐ. பின்னால் வந்த பம்ப் மாடல்களில் மேல் வரம்பு 0.5 பார், உங்கள் பம்பின் பாக எண்ணைப் பார்த்துக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 30 வரை அளக்கும் சென்சாரில் இந்த 5.8 என்பது அடியில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்குதான். துடைப்பான் ஆயுள் முழுக்க அந்தச் சின்ன இடத்திலேயே நொடிக்கு 34 தடவை தேய்த்துக்கொண்டிருக்கிறது. தேயாமல் என்ன செய்யும்? புதிதாக வாங்கி அதே இடத்தில் மாட்டினால் அதுவும் அதே வழிதான் போகும்.

எர்த்தைச் சரிசெய்வது எனக்குப் பிடித்த வழி. செலவே இல்லை, ஆனால் யாருக்கும் இதில் பெருமை கிடையாது, அதனால் யாரும் செய்வதில்லை. நண்பரின் சென்சாரில் ஒரே ஒரு டெர்மினல். மின்சாரம் திரும்பிப் போகும் வழி சென்சாரின் உடம்பு, மரை, இன்ஜின். இரண்டாவது சென்சாரை மாட்டும்போது ஒழுகக் கூடாதென்று மரையில் வெள்ளை டேப் சுற்றியிருக்கிறார்கள், நம் வீட்டுக் குழாய்க்குச் சுற்றுவோமே, அதே டேப். மரை அங்கங்கே டேப்பைக் கிழித்துக்கொண்டு தொடும், அதிர்வில் விடும், மறுபடி தொடும். 240-33 வகை, 30 பிஎஸ்ஐ சென்சாரில் ஒரு பிஎஸ்ஐக்கு சுமார் 7 ஓம். எர்த்தில் 15 ஓம் கூடினாலே 4 என்பது 1.8 ஆகிவிடும். அந்த டேப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு: பிய்ந்த துணுக்கு பெட்ரோலோடு போய் கார்புரேட்டர் ஊசியில் உட்கார்ந்தால் வேறு கதை. பெட்ரோல் தாங்கும் பேஸ்ட்டை, முதல் மரையை விட்டுவிட்டு, கொஞ்சமாகத் தடவுவதே முறை.

கடற்கரை ஊர் என்பதையும் மறக்க வேண்டாம். உப்புக் காற்றில் ஒயர் நுனியின் ரிங் டெர்மினலுக்கு அடியில் பச்சை பூத்துவிடும். கழற்றி, சுரண்டி, புது டெர்மினல் போட்டு, சென்சார் உடம்பிலிருந்து திரைப்பெட்டியின் எர்த்துக்கே நேராக ஒரு ஒயர் இழுப்பது ஒரு மாலை வேலை. ரிச்சி தெருவில் மல்டிமீட்டர் வாங்குங்கள், சோதனைக்கு கிளிப் ஒயர் வாங்குங்கள், தாராளமாக. விமானத்துக்குள் நிரந்தரமாகப் போகும் ஒயரை மட்டும் அங்கே வாங்காதீர்கள். பிவிசி உறை சூட்டில் உருகும், எரிந்தால் நச்சுப்புகை. விமானத்துக்கென்று டெஃப்செல் ஒயர் இருக்கிறது.

இது மட்டும் போதுமா? நண்பருக்கு ஒருவேளை போதுமாகக்கூட இருந்திருக்கும். ஆனால் நொடிக்கு 34 தட்டு அப்படியேதான் இருக்கும்.

இடத்தை மாற்றுவது என்று சொல்வது, சென்சாரை இன்ஜினை விட்டு எடுத்து ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில், கிளாம்ப் போட்டு நிறுத்தி, நடுவில் தீத்தாங்கும் உறை போட்ட ஹோஸ் ஒன்றை இழுப்பது. என்னைக் கேட்டால் ஒரே ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். காரணம் எண்ணின் துல்லியம் கூட இல்லை. கனமான சென்சார் நிப்பிள் என்னும் ஒரு சின்னப் பித்தளை இணைப்புக் குழாயில் தொங்கிக்கொண்டு இன்ஜினோடு ஆடுகிறது. பித்தளை களைத்து ஒருநாள் மரையின் அடியில் ஒடியும். ஒடிந்தால், சூடான சைலன்சருக்கு மேலே பெட்ரோல் பீய்ச்சும். கழற்றிய நிப்பிளை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மரையின் அடியில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. நண்பர் அன்று டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

இன்ஜின் பக்கத்து இணைப்பில் சுமார் 1 மி.மீ. ஓட்டை வைத்த ரெஸ்ட்ரிக்டர் இருக்க வேண்டும். ஹோஸ் அறுந்தாலும் பெட்ரோல் கொட்டாமல் கசியும் அளவோடு நிற்கும், பம்பின் தட்டும் அதில் பெருமளவு அடங்கிவிடும். ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பாரிமுனைப் பக்கம் எந்தக் கடையிலும் 'பெட்ரோல் ஹோஸ்' என்று ஒன்றை நீட்டுவார்கள், பைக்குக்கு அது சரி. உயர வித்தியாசமும் கொஞ்சம் கணக்கில் வரும்: சென்சார் ஓர் அடி தாழ்ந்தால் சுமார் 0.3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்.

இதில் ஒரு சிக்கல். ரப்பர் ஹோஸின் நுனிக்குப் போன சென்சாருக்கு இன்ஜின் எர்த் அறவே கிடையாது. ஒற்றை டெர்மினல் வகை என்றால் தனி எர்த் ஒயர் கட்டாயம். இல்லையென்றால் வகையையே மாற்ற வேண்டும்.

அந்த வேறு வகை, 5 வோல்ட் வாங்கி 0.5 முதல் 4.5 வோல்ட் வரை திருப்பித் தரும் மூன்று ஒயர் சென்சார். உள்ளே துடைப்பான் கிடையாது, தேய்வதற்கு எதுவுமில்லை. எர்த்தும் அதன் சொந்த ஒயரிலேயே திரும்புகிறது. விலை கூடுதல், திரைப்பெட்டி இந்த வகையை ஏற்க வேண்டும், அமைப்பில் புது அளவுகோலைப் பதிய வேண்டும். பதிய மறந்துவிட்டு 'புது சென்சாரும் பொய் சொல்லுது' என்று போன் செய்தவர்கள் உண்டு.

வாங்கும்போது அளவு வீச்சைக் கவனியுங்கள், பலரும் சறுக்குமிடம் இது. 2 சதவீதப் பிழை என்று அட்டையில் போட்டிருந்தால் அது முழு வீச்சில் 2 சதவீதம். 30 பிஎஸ்ஐ சென்சாரில் 0.6 பிஎஸ்ஐ. ரோட்டாக்ஸின் 2.2க்கும் 5.8க்கும் நடுவில் அது சின்ன விஷயமில்லை. கார்புரேட்டர் வைத்த லைகாமிங் ஓ-320, ஓ-360 இன்ஜின்களில் வரம்பு 0.5 முதல் 8 பிஎஸ்ஐ. அங்கே பிழையே குறைந்தபட்ச வரம்பைவிடப் பெரிது! எர்த்தில் 0.1 வோல்ட் நகர்ந்தால் 30 பிஎஸ்ஐ சென்சாரில் 0.75 பிஎஸ்ஐ தப்பாகக் காட்டும், 15 பிஎஸ்ஐ சென்சாரில் அதில் பாதிதான். ஆக, கார்புரேட்டர் இன்ஜினுக்கு 0-15 போதும். பெரிய வீச்சு வாங்கினால் பாதுகாப்பு என்பது தோற்றம்தான்.

மீதி இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காக்பிட்டில் முள் கேஜ் வைப்பது: பொய் சொல்லாது, கரண்ட் வேண்டாம், பழைய விமானங்களில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பெட்ரோல் பைப்பை நம் முழங்காலுக்கு முன்னால் கொண்டுவருவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஃப்யூல் ஃப்ளோ மீட்டர் இருக்கிறதே, பிரஷர் எதற்கு என்பது இன்னொரு வாதம். மேல் இறக்கை, கார்புரேட்டர் செஸ்னாக்கள் பலவற்றில் புவியீர்ப்பிலேயே பெட்ரோல் இறங்குவதால் பிரஷர் கேஜே இருக்காது, உண்மைதான். தாழ்ந்த இறக்கையில் பம்ப் செத்தால் முதலில் விழுவது பிரஷர். மிதவைத் தொட்டி காலியாகும்வரை கிடைக்கும் அந்தச் சில நொடிகள் நமக்கு வேண்டும்.

இதெல்லாம் சொந்தக்காரரே கை வைக்க இடமுள்ள சின்ன விமானத்துக்கான கணக்கு. பயிற்சிப் பள்ளியில் ஓடும் வகைச் சான்று பெற்ற விமானம் என்றால் ஒப்பீடே மாறிவிடும். அங்கே பாகப் பட்டியலில் இருக்கும் அதே எண், கூடவே சிஏ ஃபார்ம் 1, எஃப்ஏஏ 8130-3, ஈஏஎஸ்ஏ ஃபார்ம் 1 போன்ற, பாகம் மாட்டத் தகுந்தது என்று சொல்லும் ஒரு விடுவிப்புச் சான்று, உரிமம் பெற்ற பொறியாளரின் கையெழுத்து. சென்சாரின் வகையையோ இடத்தையோ அங்கீகரித்த ஆவணம் இல்லாமல் தொட முடியாது. எர்த்தைச் சுத்தம் செய்வது, அதே சென்சாரை மாற்றுவது, இவ்வளவுதான் கையில் இருக்கும் வழி. புதுப்பேட்டையில் கார் சென்சார் ஒன்று மரைக்கு அப்படியே பொருந்துகிறது என்று ஒரு பையன் ஒருமுறை என்னிடம் ஆசையாகக் கொண்டுவந்து காட்டினான். மரை பொருந்தியது உண்மை.

நண்பர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். இடமாற்றத்தையும் மூன்று ஒயர் சென்சாரையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டார். ஃபயர்வாலுக்குப் போனால் எப்படியும் எர்த் ஒயர் இழுக்கத்தான் வேண்டும், இந்த வகையில் அது கூடவே வந்துவிடுகிறது. இரண்டு வேலைக்கு இரண்டு தடவை கொட்டகைக்குப் போய்வர அவரிடம் லீவும் இல்லை. 0-15 பிஎஸ்ஐ, எஃகு இணைப்பு, உறை போட்ட ஹோஸ், ரெஸ்ட்ரிக்டர்.

மாட்டும் முன் சென்சாரை வீட்டிலேயே சோதித்தோம், அதுவும் அம்மாவின் பிபி கருவியை வைத்து. முள் வைத்த பிபி மீட்டர் 300 மி.மீ. பாதரசம் வரை காட்டும். 300 என்பது 0.4 பார், ரோட்டாக்ஸின் மேல் வரம்பு அப்படியே! 112 வைத்தால் கீழ் வரம்பு 0.15 பார். கைப்பட்டையைக் கழற்றிவிட்டு, அந்த டியூபைச் சுத்தமான, பெட்ரோல் படாத சென்சாரில் மாட்டி, பல்பை அழுத்தி, மல்டிமீட்டரைப் பார்க்க வேண்டியதுதான். 0-15 பிஎஸ்ஐ சென்சார் காற்றில்லாதபோது 0.5 வோல்ட், 112ல் சுமார் 1.08, 300ல் சுமார் 2.05 காட்ட வேண்டும். காட்டியது. "எனக்கு பிரஷர் எவ்வளவுடா?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதே சூட்டில் பழைய இரண்டையும் எடுத்து, பெட்ரோல் வாடை போகக் காயவைத்து, ஓம் மீட்டரில் மாட்டினோம். பிபி மீட்டரின் முள் 150ஐத் தாண்டும்போதெல்லாம் முதலாவதில் காண்டாக்ட் விட்டு விட்டு ஒட்டியது, தேய்ந்தேதான் போயிருந்தது. இரண்டாவதின் மரையிலிருந்து வெள்ளை டேப்பை நகத்தால் உரித்துவிட்டுச் சோதித்தோம். 0லிருந்து 300 வரை ஏற்றி இறக்கினோம், ஓம் 240லிருந்து 200க்குப் போய், ஒரு தடங்கலும் இல்லாமல் திரும்பி வந்தது. நண்பர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அதற்கு எவ்வளவு சுங்கம் கட்டினார் என்று சொன்னார்.